பூஜ்யம் காட்டிய கருவி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மாத்திரை தருகிறாளா? நான் சௌக்கியம்.

எரிவாயு நிலையத்தில் எங்கெங்கே மீத்தேன் கசிகிறது என்று அளந்து அறிக்கை எழுதுவதுதானே என் வேலை. போன வாரம் ஒரு வால்வில் கசிவு அதிகம் என்று எழுதினேன். மறுநாளே சூப்பர்வைசர் கருவியைச் சரிபார்க்க வாங்கிப்போனார். திரும்பி வந்த கருவி எங்கே வைத்தாலும் பூஜ்யம் காட்டியது.

“பாத்தியாம்மா, அன்னிக்கு மெஷின்லதான் கோளாறு, இப்ப சரியாயிடுச்சு. ஜீரோன்னு எழுதிக் கையெழுத்து போடும்மா,” என்றார்.

ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவர் இத்தனை ‘அம்மா’ போட்டதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. சோப்பைக் கரைத்து அந்த வால்வில் ஊற்றினேன். குமிழ் குமிழாகப் பொங்கியது. அதைப் படம் எடுத்து, அறிக்கையோடு தலைமை அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டேன். நேற்று வால்வை மாற்றிவிட்டார்கள்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இடம் தாராளமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள். என் சான்றிதழ்களின் நகலை அனுப்பிவையுங்கள், சும்மா கையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்சம் பேசுங்கள்.

வேன் வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை அலுவலகத் தபால் பெட்டியில் போடவில்லை. வழியில் இறங்கி நானே தபாலில் சேர்க்கிறேன்.

உங்கள் மகள்