நெயில் பாலிஷ் கோடு

24 ஜனவரி 2017, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது! கூரியர்காரர் கேட்டில் நின்று "அருள்மொழி யாரு?" என்று கத்த, நான் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார். கதவில் அட்டை தொங்குவது அந்த ஆளுக்குத் தெரியவில்லையா? 'நைட் ஷிப்ட். பெல் அடிக்காதீர்கள்.' எங்கள் பிளாக்கில் எந்த வாரமும் ஏதாவது ஒரு கதவில் இது தொங்கும்.

டிஜே கன்ட்ரோலர். இரண்டு வட்டத் தட்டு, நடுவில் திருகுகள். நான்கு சேனல், கலர் விளக்கு எல்லாம் உள்ள பெரிய பெட்டியைப் பார்த்து ஒரு மாதம் மயங்கிக் கிடந்தேன். கடைசியில் சின்னதே போதும் என்று முடிவு செய்தேன். ஹெட்போனுக்குத் தனி வழி இருக்க வேண்டும், அதுதான் முக்கியமாம். ஊருக்கு ஒரு பாட்டு ஓடும், என் காதில் மட்டும் அடுத்த பாட்டு. கான்ட்ராக்டில் டேட்டா என்ட்ரி பார்த்த சம்பளமெல்லாம் இதற்கே போயிற்று. போகட்டும்.

அம்மா: "இதுல பாட்டு எங்கேருந்துட்டி வரும்?" லேப்டாப்பிலிருந்து என்றேன். "அப்ப அதுலயே கேக்க வேண்டியதுதானே."

25 ஜனவரி

அப்பா பெட்டியைப் பார்த்தார். தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

2 பிப்ரவரி

அப்பா சொல்லிவிட்டார். "எழில் கல்யாணம் வரைக்கும் வச்சுக்கோ. அங்க வந்து பாக்கேன். சரியா வரலைன்னா பொட்டியக் கட்டி பரண்ல போட்டுட்டு பேங்க் கோச்சிங் போணும்."

எழில்மதி என் காலேஜ் தோழி, காடாம்புலியூர்க்காரி. வைகாசியில் கல்யாணம். ரிசப்ஷனுக்கு நான்தான் டிஜே என்று வீட்டில் அடித்துச் சொல்லிவிட்டாள். ஆக, எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு. வங்கியில் நானா? எனக்கு நாலு இலக்கத்தைக் கூட்டினாலே தப்பாக வரும்.

11 பிப்ரவரி

பீட் மேட்சிங் பழகுகிறேன். இரண்டு பாட்டின் தாள அடியும் ஒன்றாக விழ வேண்டும். விழவில்லை. இரண்டு பேர் மாடிப்படியில் தடதடவென்று இறங்குகிற மாதிரி இருக்கிறது. தானாகச் சேர்த்துவிட சிங்க் என்று ஒரு பட்டன் உண்டு. தொடமாட்டேன். (ஒரே ஒரு தடவை தொட்டேன்.)

19 பிப்ரவரி

எத்தனை நாள் ஹெட்போனிலேயே கேட்பது? இன்று பெட்டியை ஹோம் தியேட்டரில் இணைத்து, பெட்டியில் கனத்த ஒலிக்கான பேஸ் திருகை முழுசாகத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு பரமசிவம் மாமா லுங்கியோடு வாசலில். அவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், கட்டில் எங்கள் சுவரை ஒட்டி. கண் இரண்டும் சிவந்திருந்தது.

"அம்மாடி, பாட்டு வேணாங்கல. அந்த டம்மு டம்மு மட்டும் வேணாம்மா. நெஞ்சுல வந்து இடிக்குது."

கூசிப்போனேன். பேஸ் திருகை நன்றாகக் குறைத்து, அது நின்ற இடத்தில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டேன். இனி இதைத் தாண்டக் கூடாது. இந்த டவுன்ஷிப்பில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எங்கள் வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட பயந்து பயந்துதான் அடுப்பு எரியும். சண்டை போட்டாலும் கிசுகிசுப்பாகத்தான் போடுவோம்.

8 மார்ச்

விழுந்தது! இரண்டு அடியும் ஒன்றாக! யாரிடம் சொல்வது? எல்லாரும் தூங்குகிறார்கள்.

17 ஏப்ரல்

எழில் போன் செய்தாள். "பயந்துகினு கெடக்காதடி. எங்கூட்டு சனம் சும்மா குந்திகினு இருக்காது, நீ போட்டாப் போதும்." பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

4 ஜூன், ஞாயிறு

மண்டபத்து மேக்கப் அறை. அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

5 ஜூன், திங்கள்

இப்போதுதான் எழுந்தேன். உச்சி வெயில். நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சவுண்ட் சர்வீஸ் குள்ளஞ்சாவடி சாமிக்கண்ணு அண்ணன். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். என் பெட்டியைப் பார்த்து, "இம்மாந்தூண்டுதானா?" என்றார். முதல் பாட்டிலிருந்து இரண்டாவதற்கு நான் மாறியது எனக்கே தெரியவில்லை, அவ்வளவு சுத்தம். ஒருவரும் எழவில்லை. மூன்றாவது பாட்டு. நான்காவது. எல்லாரும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். அண்ணன் சத்தத்தை ஏற்றிப் பார்த்தார். காதைக் கீறியது, அவ்வளவுதான்.

"பொட்டி சின்னது பாப்பா, அதான் இழுக்கல" என்றார்.

பெரியதையே வாங்கியிருக்கணுமோ? அப்பா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு. பரண்தான்.

அப்போது எழில் மாப்பிள்ளையை மேடையிலேயே விட்டுவிட்டு, கழுத்து மாலையோடு விறுவிறுவென்று இறங்கி வந்தாள். "ஏன்டீ, இங்க யாரு தூங்கிகினு கீறாங்கன்னு இப்புடி வெக்கிற?"

என் கையைப் பார்த்தேன். பேஸ் திருகு சிவப்புக் கோட்டில் நின்றது. நான் யோசித்து வைக்கவில்லை. பெட்டியைத் திறந்ததும் கை தானாகச் செய்கிற முதல் வேலை அது. காடாம்புலியூர் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பரமசிவம் மாமாவைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். லூசு! லூசு!

திருப்பினேன். கோட்டைத் தாண்டி.

அடி விழுந்தது. நெஞ்சில் வந்து இடித்தது. எழிலின் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். யாரோ நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள். அப்புறம் சாப்பிடப் போகவே ஆளில்லை. சாமிக்கண்ணு அண்ணன்கூடத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் அப்பா பேசவே இல்லை. டவுன்ஷிப் ஆர்ச் கேட்டில் திரும்பும்போது மட்டும், "பொட்டியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ, ஸ்பீட் பிரேக்கர் வருது" என்றார். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

எழுந்து வந்தால் வீட்டில் சத்தமே இல்லை. அம்மா டிவியை ஊமையாக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சிட்டியா?" என்றாள், கிசுகிசுவென்று.

"ஏம்மா கிசுகிசுக்கறே? அப்பாவுக்குத்தான் இன்னிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆச்சே?"

அம்மா வாசலைக் காட்டினாள். கதவில் நைட் ஷிப்ட் அட்டை தொங்கியது.

"காலையில வேலைக்குப் போகும்போது அப்பாதான் மாட்டிட்டுப் போனாவ."