தென்வாசல் பூட்டை உடைத்த காவலர் டில்லிபாபுவை மீண்டும் பணியில் அமர்த்தக் கோரும் மனு

அனுப்புநர்
ஆ. ஷரீஃபுன்னிசா (வயது 61),
தையற்கடை உரிமையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
கழிமுக நடைபாதைப் பராமரிப்புப் பிரிவு,
எண்ணூர், சென்னை.

பொருள்: கழிமுக நடைபாதை – தென்வாசல் பூட்டு உடைபட்டது – ஒப்பந்தக் காவலர் திரு. டில்லிபாபு பணிநீக்கம் – நடந்ததைத் தெரிவித்து, அவரைத் திரும்ப அழைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு என் வணக்கம். தங்கள் நடைபாதையின் காவலர் திரு. டில்லிபாபு, சென்ற மீலாது நபி விடுமுறை அன்று மாலை, தென்வாசல் பூட்டை இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்தார். அதை நாங்கள் மறுக்கவில்லை. அவர் உடைத்தபோது உள்பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அவரை வேலையிலிருந்து எடுக்கும் முன் எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கக் கூடியதை இங்கே எழுதுகிறேன்.

1. நான் வருடக்கணக்கில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தே பிழைத்தவள். சர்க்கரையும் முட்டிவலியும் சேர்ந்து வந்தன. சமதரையாகப் பார்த்துத் தினமும் நடக்கும்படி மருத்துவர் சொன்னார். தண்டையார்பேட்டையில் அப்படி ஒரு தரையை அவர் எங்கே கண்டார் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன; நடைமேடையில் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. எனக்கு மீன் கொண்டுவந்து தரும் சொக்கம்மாள்தான் தங்கள் பாதையைப் பற்றிச் சொன்னவர். அவருக்கு எண்ணூர்க் குப்பத்தில் வீடு; வீட்டு ஆண்கள் கழிமுகத்தில் வலை போடுகிறவர்கள். “எங்கூரு பக்கம் வந்து நடம்மா, அங்க லாரியும் கெடையாது, ஒரு பேஜாரும் கெடையாது” என்றார். என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் ராயபுரம் வியாகுலம்மாளையும் சேர்த்துக்கொண்டேன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனவர். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அதன் பிறகு மாதா கோயிலுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார்.

2. பாதையை அமைத்த தங்கள் பிரிவுக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுதுவது முறையாகாது. ரயிலை விட்டு இறங்கினால் தென்வாசல் பக்கம்தான். ஏற்றம் கிடையாது, படி கிடையாது. கெட்டிப்படுத்திய செம்மண் காலுக்கு இதமாக இருக்கிறது. ஒரு பக்கம் அலையாத்திச் செடிகள், மறு பக்கம் தண்ணீர். தண்ணீரின் நடுவே மின்கோபுரங்கள், அவற்றுக்குக் கீழே கூழைக்கடாப் பறவைகள். தூரத்தில் புகைபோக்கிகள் தெரியத்தான் செய்கின்றன. நாங்கள் வடசென்னைக்காரர்கள், புகைபோக்கி தெரியாத இடத்தில் நின்றால் எங்களுக்கு வழி தவறிவிட்டதோ என்று தோன்றும். பாதையின் முடிவில், முகத்துவாரம் தெரியும் இடத்தில், ஒரு பெஞ்சு இருக்கிறது. முதல் நாள் அந்த பெஞ்சு வரை நடந்து போய் உட்கார்ந்தபோது வியாகுலம்மாள் அழுதார். கால் வலியா என்று கேட்டேன். இல்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே என்றார்.

3. வாசலில் “எளிய நடை, முதியோருக்கும் ஏற்றது” என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அது உண்மைதான். ஆனால் பெஞ்சுக்கும் தென்வாசலுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் சாயங்காலத்தில் கடல்நீர் ஏறி அந்தப் பள்ளத்தை மூடிவிடும். பலகையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. எங்களுக்கு இதைச் சொன்னதும் சொக்கம்மாள்தான். அமாவாசைத் தண்ணீர் வடிந்த பிறகு, அமாவாசையிலிருந்து எண்ணிப் பன்னிரண்டாம் நாள் வரை பள்ளத்தில் செருப்பு நனையாது, அதற்கு மேல் போகக் கூடாது என்பது அவர் வீட்டுக் கணக்கு.

4. அன்று நடந்த தவறு எங்களுடையது. அது எப்படி நேர்ந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். மகள் பிரசவத்துக்காகச் சொக்கம்மாள் பத்து நாளாகக் காசிமேட்டில் இருந்தார், கழிமுகத் தண்ணீரைப் பார்க்கவில்லை. கடைக்கு விடுமுறை, நடக்கப் போகலாமா என்று நான் போன் செய்தேன். “இன்னிக்கி எத்தினியாவது நாளு?” என்று கேட்டார். மீலாது என்றைக்கு வரும் என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். பன்னிரண்டு என்றேன். “அப்போ போலாம்” என்றார். எங்கள் மாதம் பிறையைக் கண்ணால் கண்ட பிறகு தொடங்குகிறது. அவர் கணக்கு அமாவாசையிலேயே தொடங்குகிறது. இடையில் இரண்டு நாள் இருப்பதும், அவர் கணக்கில் அது பதினான்காம் நாள் என்பதும் எங்கள் இருவருக்கும் அன்று வரை உறைக்கவில்லை. நான் சொன்னது பிறை பன்னிரண்டு, அது சரியானதே. அவர் “நீ சொன்னதாலதானே நான் ஒத்துக்கினேன்” என்று இன்றும் சண்டைக்கு வருகிறார். இது எங்களுக்குள் தீர்க்க வேண்டிய விவகாரம். டில்லிபாபு இதில் எந்தப் பக்கமும் இல்லை.

5. நாங்கள் மூவரும் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பியபோது பள்ளம் நிறைந்திருந்தது. சொக்கம்மாள் என் கையைப் பிடித்து இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வியாகுலம்மாளை அவரால் தனியாகக் கொண்டுவர முடியவில்லை. வியாகுலம்மாள் சற்றுக் கனத்த உடம்பு. இதை மனுவில் எழுத அவர் சம்மதிக்கவில்லை என்றாலும் உண்மையை மறைப்பதற்கில்லை. அவர் அக்கரையில் கைத்தடியை ஊன்றி நின்றபடியே ஜெபமாலையை எடுத்துவிட்டார். இருட்டத் தொடங்கியிருந்தது. உதவிக்கு ஆள் கூப்பிட நாங்கள் இருவரும் வாசலுக்கு ஓடினோம். ஓடினோம் என்று எழுதுவது மரியாதைக்காக. என் முட்டி எவ்வளவு விட்டதோ அவ்வளவு. வாசல் பூட்டியிருந்தது. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஆறு மணிக்கு வந்து பூட்டிச் சாவியை எடுத்துப் போய்விட்டார். “மூணு அம்மாங்க உள்ள கீறாங்க சார்” என்று டில்லிபாபு சொல்லியிருக்கிறார். வந்தால் போன் பண்ணு என்று பதில் வந்திருக்கிறது. எங்கள் கண் முன்னால் அவர் பண்ணினார். திரும்பத் திரும்பப் பண்ணினார். மணி அடித்ததே தவிர, யாரும் எடுக்கவில்லை.

6. பிறகுதான் அவர் கம்பியைத் தேடினார். பூட்டை உடைத்து உள்ளே வந்தவர் பள்ளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் பெரம்பூரில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர், குளத்தில்கூட இறங்கியதில்லையாம். “அக்கா, ஆழமா கீதா?” என்று சொக்கம்மாளைக் கேட்டார். “முட்டிக்கு மேல ஏறாது, வா நைனா” என்றார் அவர். உண்மையில் தொடை வரை ஏறியிருந்தது. டில்லிபாபு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். இருவருமாக வியாகுலம்மாளைக் கைகோத்துத் தூக்கி இக்கரை சேர்த்தார்கள். அவரைக் கரையில் இறக்கிவிட்ட பிறகு, மிதந்துபோன கைத்தடிக்காக டில்லிபாபு மறுபடியும் இறங்கியதை நான் பார்த்தேன்.

7. அவர் மீது சொல்லப்பட்ட குற்றங்கள்: பூட்டைச் சேதப்படுத்தியது, நேரம் கடந்து வாசலைத் திறந்தது, காவலிடத்தை விட்டு அகன்றது, சீருடையையும் பூட்ஸையும் பாழாக்கியது. நான்கும் உண்மை. இவற்றில் ஏதாவது ஒன்றை அவர் செய்யாமல் விட்டிருந்தாலும் வியாகுலம்மாள் அந்தத் தண்ணீருக்கு அக்கரையிலேயே நின்றிருப்பார். காவலிடத்தை விட்டு அகலாத காவலர் ஒருவர் அன்று அங்கே இருந்திருந்தால், தங்களுக்கு வரக்கூடிய மனு வேறு மாதிரி இருந்திருக்கும். அதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

8. தங்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒப்பந்ததாரர் எழுதி அனுப்பியதைப் படித்துத்தான் தாங்கள் ஒப்புதல் தந்திருப்பீர்கள். மேற்பார்வையாளரையும் நான் குறை சொல்ல வரவில்லை. விடுமுறை நாள், அவருக்கும் வீடு இருக்கிறது. அவர் வேலை போக வேண்டும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. ஒருவர் வேலை போனதே நெஞ்சை அறுக்கிறது.

9. டில்லிபாபுவைத் தேடிப் பெரம்பூருக்குப் போனோம். அவருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. மனைவி ஜெயஸ்ரீ எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். கோபமாக ஒரு சொல் பேசவில்லை. பேசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனு எழுதப் போகிறேன் என்றதற்கு டில்லிபாபு, “வேணாம்மா, என்னால உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு” என்றார். பிறகு, வியாகுலம்மாள் இப்போது எங்கே நடக்கிறார் என்று விசாரித்தார். அவர் எங்கேயும் நடக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து வாசல் வரை போய்த் திரும்புகிறார். “அந்தப் புள்ள இல்லாத எடத்துல நான் கால் வைக்க மாட்டேன்” என்கிறார். அது பயமா, ரோஷமா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

10. ஆகவே ஐயா, திரு. டில்லிபாபுவைத் தென்வாசலிலேயே மீண்டும் பணியில் வைக்குமாறு வேண்டுகிறோம். வாசலில் நிற்பவரிடம் ஒரு சாவி இருக்கட்டும். சாவி இல்லாத காவலரும் எங்களைப் போலவே பூட்டுக்கு முன்னால் நிற்பவர்தான். பலகையில் ஒரு வரி சேர்த்து, தண்ணீர் ஏறும் நாட்களை எழுதிவைத்தால் நன்று. அந்த நாட்களைச் சொக்கம்மாள் சொல்லித் தருவார். எந்தக் கணக்குப்படி என்பதையும் இம்முறை தெளிவாகவே சொல்வார். இவற்றில் ஒன்றைத்தான் செய்ய இயலும் என்றால் முதலாவதைச் செய்யுங்கள். மற்றவற்றுக்கு நாங்கள் காத்திருக்கிறோம்.

உடைந்த பூட்டுக்குப் பதிலாக வண்ணாரப்பேட்டையில் நல்ல பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி இத்துடன் வைத்திருக்கிறோம். கோப்பில் அதற்கு இடம் இருக்காது என்று தெரியும். பெரிய மனது வைத்து வாசலில் மாட்டிவிடுங்கள்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்து,

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 07.10.2024

ஆ. ஷரீஃபுன்னிசா
சொக்கம்மாள்
வியாகுலம்மாள்

இணைப்பு: பூட்டு ஒன்று, சாவி இரண்டு. சிவப்பு நூல் கட்டிய சாவி டில்லிபாபுவுடையது.