பிரம்மச்சாரி ரெஜ்ஜுக்கு வந்த மலர்வளையம்

நியூகாசில், அக்டோபர் 1973

மகாராணி பெரிலுக்கு, வெள்ளிச் சாயம் பூசிய உன் டிரம்ஸ் சக்கரவர்த்தி ரெஜ் பணிவுடன் எழுதுவது. உன் இருமல் தணிந்ததா? என் பூட்ஸின் குதிகாலை இன்னும் உயர்த்திவிட்டார்கள். மேகங்கள் தலையில் இடிக்கின்றன. மற்றபடி சுகம்.

நீ என் மனைவியாக இருந்தும், பத்திரிகைகளுக்கு நான் கல்யாணமாகாதவன் என்பது உனக்குத் தெரியும். புது இசைத்தட்டு விற்காமல் படுத்துவிட்டதால், எங்கள் இசைக்குழுவின் விளம்பரக்காரன் டெஸ்மண்ட் ஒரு கதை கட்டினான்: ரெஜ்ஜை எவள் கட்டினாலும் அவளை உயிரோடு விடமாட்டேன் என்று ஒரு ரசிகை சபதம் போட்டாளாம். எல்லாப் பத்திரிகையும் அதைப் போட்டது. இசைத்தட்டு நிலாவைத் தாண்டிப் பறந்தது.

இன்று ஒப்பனை அறைக்கு, சவப்பெட்டிமேல் வைக்கிற மாதிரி ஒரு மலர்வளையம் வந்தது.

"அடப்பாவி டெஸ்மண்ட், அசத்திட்டியேடா!" என்றேன்.

"நான் அனுப்பலை ரெஜ். எங்கம்மா மேல சத்தியம்." அவன் முகம் வெளுத்திருந்தது.

சிரித்துத்தான் வைத்தோம். இருந்தாலும் பின்கதவைத் தாழிடு. இதைப் படித்ததும் டட்லியில் உன் அக்கா மேவிஸ் வீட்டுக்குப் போய்விடு. என் கம்பளிக் காலுறைகளை அங்கிருந்தே அனுப்பு. இங்கே கால் சில்லிடுகிறது, பேசவும் ஆளில்லை.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த வளையத்தின் ரிப்பனில் இருந்தது உன் பெயர். டெஸ்மண்டிடம்கூட நான் உன் பெயரைச் சொன்னதில்லை.

உன் ரெஜ்