பிஸ்கட் டின்னில் விழுந்த கடைச் சீட்டு

சனி, 7
காலையில் தூறல். ரிப்பேருக்கு ஃபேன் மூன்று, மிக்சி ஒன்று. கடையை ஒரு மணிக்கே மூடினேன்.

மதியம் சயின்ஸ் மியூசியம். சின்னக் கட்டடம்தான், ஆனால் அங்கே என் மதிப்பு பெரிது. வாட்ச்மேன் எழுந்து நின்று, "ஊட்டா ஆய்தா, அங்கிள்?" என்று சாப்பாட்டை விசாரித்தார். (உட்கார்ந்தபடிதான். மனதுக்குள் எழுந்திருப்பார்.) கையால் சுற்றினால் பல்ப் எரியும் டைனமோ. நான் சுற்றியதில் தெருவே வெளிச்சம்.

பேச்சு: நட்சத்திரங்கள். இங்கிலீஷும் கன்னடமும். பாதி புரிந்தது, மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். கூட்டம் முந்நூறு. நாற்காலி நாற்பது.

முடிந்ததும் கேள்வியைச் சீட்டில் எழுதி பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அடுத்த வாரம் பேசுகிறவர் அதில் ஒன்றை எடுத்துப் படிப்பார். எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். ஃபோனைப் பார்த்து கருந்துளை பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். எனக்கே புரியாத கனமான கேள்வி. பையிலிருந்து எடுத்தேன், போட்டேன்.

ஞாயிறு, 8
வெயில். பூசை முடிந்து ஆரோக்கியம் வந்தான். தங்கை புருஷன், ஹெப்பகோடியில் வீடு, டிப்ளமோ. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவன் வைத்த பேர் "எட்டாவது". நான் படித்தது அவ்வளவுதானாம்.

மட்டன் குழம்பு நடுவில் வாய் விட்டுவிட்டேன்: "வர்ற சனிக்கிழமை என் கேள்விய மைக்ல படிக்கிறாங்க. விஞ்ஞானிங்களே கேட்டுக்கிட்டாங்க."

"யாரு, நம்ம எட்டாவதா? நடந்துச்சுன்னா அந்தப் பேர இனி வாயில எடுக்க மாட்டேன் மச்சான். நடக்கலன்னா உன் கல்லறையிலயும் அதான்!"

ஸ்டெல்லா: "ஏங்க, பேசாம சாப்பிட மாட்டீங்களா? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே கூத்து."

செவ்வாய், 10
மேகம். நாலாவது கிராஸ் தெரு டீச்சரம்மா ஃபேனுக்கு நான் எழுதிய வேலைச் சீட்டைக் காணோம். மேஜை, டப்பா, காலண்டர் பின்னால். கடைசியில் சனிக்கிழமை போட்ட வெள்ளைச் சட்டைப் பை. உள்ளே கருந்துளை.

அப்படியானால் டின்னுக்குப் போனது?

தலைப்பில் கடைப்பேர் அச்சடித்த சீட்டு. இல்லை என்று சொல்லவும் முடியாது. மாதாவே, மூன்று நாளாக வேண்டியதை மாற்றி வேண்டுகிறேன். என் சீட்டு மட்டும் வரக் கூடாது. ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

சனி, 14
மழை. ஆரோக்கியம் எனக்கு முன்பே வந்து முதல் வரிசையில். ஸ்டெல்லா பட்டுப்புடவை.

பேச்சு: காற்று. பேசிய மேடம் கோயம்புத்தூர்க்காரர். டின்னைக் கிளறினார். ஒன்றை எடுத்தார், புருவம் தூக்கினார், தமிழிலேயே படித்தார்:

"டீச்சரம்மா, நாலாவது கிராஸ். ஃபேன் ஸ்லோ. இறக்கையில விரல் கனம் தூசி. நாள் பூரா ஓடுதுங்குறாங்க. இவ்ளோ வேகமா சுத்துறதுல தூசி எப்படி உக்காருது? கெபாசிட்டர் மாத்து."

சிரிப்பு. ஆரோக்கியத்தின் சிரிப்பு தனியாகக் கேட்டது. "எட்டாவது, எந்திரி!"

எழுந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். (மழைக் குளிர்.)

மேடம் சிரிக்கவில்லை. "ஐயா, இதையே என் காலேஜ் பசங்ககிட்ட கேட்பேன். பாதிப் பேரு முழிப்பாங்க."

இறக்கையை ஒட்டிய காற்று, மெல்லிசுப் படலமாக, இறக்கையோடு சேர்ந்தே சுற்றுமாம். அதற்குள் ஒட்டிய தூசிக்கு வெளியே அடிக்கும் காற்று தெரியாதாம்.

"எத்தனை ஃபேன் பிரிச்சிருப்பீங்க?"

"ஒரு லட்சம்." (நாலாயிரம் இருக்கும்.)

"எந்தப் பக்கம் தூசி ஜாஸ்தி?"

இதற்கு மட்டும் ஒன்றும் சேர்க்கவில்லை. "காத்த வெட்டிக்கிட்டுப் போற விளிம்புல, மேடம். கறுப்பா, பிசுபிசுன்னு."

"கேட்டீங்களா? இவரு கண்ணால பாத்தவரு." நோட்டில் எழுதிக்கொண்டார். கைதட்டல். ஸ்டெல்லா இரண்டு மடங்கு தட்டினாள். ஆரோக்கியம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு, 15
நல்ல வெயில். கோயில் வாசலில் நாலு பேரிடம் சொன்னேன். கூட்டம் ஐந்நூறு ஆகிவிட்டது. சீட்டை வேண்டுமென்றே போட்டதாகவும் சொன்னேன்.

திங்கள், 16
டீச்சரம்மா ஃபேன் முடிந்தது. துடைக்குமுன் அந்தத் தூசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் ஃபோன். "மச்சான், ஸ்டூல் போட்டு ஏறி எங்க வீட்டு ஃபேனப் பாத்தேன். நீ சொன்ன அதே விளிம்புதான்." இருமினான். "அப்ப மச்சான், டேபிள் ஃபேன் கூண்டுல மட்டும் ஏன் நூல் நூலா தொங்குது?"

இரண்டு மச்சான். எட்டாவது இல்லை.

"சீட்டுல எழுதி டின்ல போடு," என்றேன்.