அவசரக்குடுக்கை மதினிக்கு

மதினி, நேற்று என் மருமகள் பரணை ஒழித்தாள். பழைய சாமான் எடுப்பவர் வாசலில் நிற்க, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பனையோலைப் பெட்டியை அவரிடம் நீட்டிவிட்டாள். பெட்டியில் இன்னும் கருப்பட்டி வாசம். "ஏ அவசரக்குடுக்கை, வையி கீழ" என்று கத்தினேன். "அப்டின்னா க்யா அத்தை?" என்றாள். செம்பூரில் பிறந்து வளர்ந்த பெண், அவளுக்கு எங்கே தெரியும்?

புத்திக்கு முன்னால் கை நீள்கிறவர்களைச் சொல்வது என்றேன். பகையாளியை யாரும் அப்படித் திட்டுவதில்லை. வீட்டு ஆளைத்தான், பாதிக் கோபமும் பாதிச் சிரிப்புமாகச் சொல்வது. தாராவியில் நம் சந்து முழுக்க அது உங்கள் பெயராகவே இருந்தது. பால் பொங்குமுன் இறக்குவீர்கள், பஸ் நிற்குமுன் இறங்குவீர்கள்.

அறுபதுகளில் அண்ணன் எனக்கு ஒரு மாப்பிள்ளை பேசினாரே, இரண்டாம் தாரமாக, நாற்பது தாண்டியவர். அவர் பெண் பார்க்க ஊரிலிருந்து வந்த அன்று அண்ணனுக்குத் தோல் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. உங்களைத்தான் தாதர் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். "கையில ஓலப்பெட்டி வச்சிருப்பாரு" என்பதுதான் அடையாளம். மெட்ராஸ் வண்டியில் வரும் நம் ஆட்களில் ஓலைப்பெட்டி இல்லாதவர் யார்?

"திருநெல்வேலிப் பக்கந்தான? வாங்க" என்று ஒருவரிடம் பெட்டியை வாங்கித் தலையில் வைத்து நடந்தீர்கள். பெட்டி போன வழியில் அவரும் வந்தார். டிராம்பேயில் வேலைக்கு வந்த வாலிபர், சிநேகிதன் வீட்டு ஆள் என்று உங்களை நினைத்திருக்கிறார். காப்பி குடித்த பிறகுதான், "அக்கா, என்னய யாருன்னு நெனச்சிக் கூட்டிட்டு வந்திய?" என்று கேட்டார்.

ஸ்டேஷனில் காத்து நின்ற மாப்பிள்ளை, மரியாதை தெரியாத வீடு என்று ஊருக்கே திரும்பிவிட்டார். "அவசரக்குடுக்கை, காரியத்தக் கெடுத்திட்டியே" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது. மழைக்காலம் முடிந்து அந்த வாலிபரே அண்ணனிடம் பெண் கேட்டு வந்தார்.

மாப்பிள்ளை வருவதற்கு முந்தின நாள் குழாயடியில் உங்களிடம் மட்டும்தான் "எனக்குப் புடிக்கல மதினி" என்று அழுதிருந்தேன். நீங்கள் என் குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டீர்கள். நாற்பது தாண்டியவரை அழைக்கப் போனவர் கண்ணுக்கு, மீசை அப்போதுதான் தடித்த ஒருவர் எப்படி அகப்பட்டார்? நீங்கள் கண்மூடும் வரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "நாந்தான் அவசரக்குடுக்கையாச்சே" என்று சிரித்திருப்பீர்கள்.

பெட்டியை வாங்கித் துடைத்து வைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலை தூக்கி, வழக்கம்போல, "எம் பெட்டிய உங்க வீட்டுல எப்பத்தான் திருப்பித் தருவாங்க?" என்றார்.

இன்னும் தரவில்லை, மதினி.