அட்டைக்குப் பூசிய களிம்பு

போடிநாயக்கனூர்
18.10.1985

அன்பு மகள் சந்திரவல்லிக்கு அம்மா ஜக்கம்மாள் எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் சுகம், குவைத்து வெயிலில் நீயும் உடம்பு வாடாமல் இருக்க வேண்டும். உன் தங்கை பொன்னுமணியும் சுகம் என்று இந்தத் தடவைதான் பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய களிம்பை மதுரை டாக்டரம்மாவிடம் காட்டினோம். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சதை வெளியிலும் வளர்ந்திருக்கிறது, அதனால்தான் மாதாமாதம் இப்படி உருட்டிப் போடுகிறது, இது ஹார்மோன் மருந்து, நோயை அடியோடு எடுக்காது, வலி குறைகிறதா பார்க்கலாம் என்று சொல்லி, எந்த நாளில் எவ்வளவு தேய்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். முதல் மாதமே பிள்ளை எழுந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்க் காய் எடுத்தாள். அடுத்த மாதம் பழையபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். அவள் மாமியார் பெரியம்மாளைத்தான் உனக்குத் தெரியுமே, சோலின்னா மட்டும் வலி வந்துருதா, காய் எடுக்க முடியலேன்னா ஆத்தா வீட்டுலயே இருந்துக்கிரட்டும் என்று மாப்பிள்ளை சீனிச்சாமியிடம் எனக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மறுநாள் முதல் ஜீப்பிலேயே மலைக்கு ஏறினேன்.

போய்ப் பார்த்தால் கூத்து வேறாக இருக்கிறது. இது என்ன மருந்து என்று மாமியார் கேட்டதற்கு, தீட்டு வலிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, அட்டைக்கடிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாள் உன் தங்கை. மழைக்கு அட்டை மொய்க்கிற நேரம். வெளிநாட்டு மருந்தாயிற்றே என்று பெரியம்மாள் காய் எடுக்கும் பெண்களின் கால்களுக்கெல்லாம் தாராளமாகப் பூசி டியூபையே காலி செய்துவிட்டாள், பெற்ற மகன் காலும் தப்பவில்லை. அட்டை வழக்கம்போலக் கடித்ததுதான் மிச்சம். இதுக்கு நம்ம மூக்குப்பொடியே தேவலை என்று என்னிடமே குறை சொல்கிறாள்.

நான் விடுவேனா? காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் காய் கொட்டிக்கொண்டிருந்த ஆண் பெண் அத்தனை பேர் முன்னாலும், இது காலுக்கு இல்ல, மாசாமாசம் எம்பிள்ளை படுற பாட்டுக்கு, அது நோவு, நடிப்பு இல்ல என்று கத்திச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி சண்டைக்கு வருவாள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்து, எனக்கும் இப்படித்தேன் இருந்துச்சு மதினி, யார்ட்டப் போயிச் சொல்ல என்று அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சண்டை போட வந்ததே மறந்துபோயிற்று.

நீ மறுபடி அனுப்பிய டியூப் வந்தது. இந்த மாதம் அந்த நாட்களிலும் பொன்னுமணி கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் நிற்க முடிகிறது, சிரிக்க முடிகிறது. ஜெயித்துவிட்டோமடி! டியூப் இப்போது பெரியம்மாளின் டிரங்குப் பெட்டியில் பூட்டோடு இருக்கிறது. தேய்க்கிற நாளில் அவளே எடுத்து வந்து, பொன்னுமணி, வயித்து வலி மருந்து தேச்சியா ஆத்தா என்று தோட்டமே கேட்கக் கூப்பிடுகிறாளாம். காய் எடுக்கும் ராமுத்தாயின் மகளுக்கும் இதே மாதிரி வலியாம். அவளை டாக்டரம்மாவிடம் காட்ட வருகிற வெள்ளிக்கிழமை பெரியம்மாளே மதுரைக்குக் கூட்டிப் போகிறாள். எதற்குப் போகிறீர்கள் என்று ஜீப்பில் யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அவள் போட்ட உத்தரவு.

நீ நூறு வருஷம் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த டியூபின்மேல் மட்டும் மறக்காமல் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி அனுப்பு, இது அட்டைக்கு அல்ல என்று.

உன் கையால் தங்கச்சியை எழுப்பி நிறுத்தியதைப் பார்த்துப் பூரித்திருக்கும்
அம்மா
ஜக்கம்மாள்