ஆர்வோ சொன்ன ஆண்டு

அன்புள்ள ஆர்வோவுக்கு,

அம்மாவை நேற்று அடக்கம் செய்தோம். இங்கே டுலூத்தில் ஏரிக்கரை மண் இன்னும் பனியில் உறைந்து கல்லாகத்தான் இருக்கிறது. உன்னால் வர முடிந்திருந்தால் குழி வெட்டியவனிடமும் சண்டை பிடித்திருப்பாய்.

பழைய சரக்குக் கப்பல் படத்துக்கு யார் தப்பான ஆண்டைச் சொன்னாலும் நீ விட்டதில்லை. "புகைபோக்கி நெறத்தப் பாருடா, கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு?" என்று என்னை எத்தனை முறை பந்தாடியிருக்கிறாய்!

நாம் வேலை பார்த்த கப்பல் அருங்காட்சியகத்துக்கு அம்மா ஒருநாள் கொண்டுவந்த படத்தில், அப்பா கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவரு ஏரியில விழுந்து செத்த வருஷம்தானே இது? அம்பத்தி மூணு?" என்று உன்னிடம் கேட்டாள்.

அப்பாவின் தலைக்கு மேலே, சரக்கு இறக்கும் இரும்புக் கை நீண்டிருந்தது. அந்தக் கப்பலுக்கு அதைப் பொருத்தியதே ஐம்பத்தாறில். ஐம்பத்து மூன்றில் செத்தவர் அதன் கீழே நின்று சிரிக்க முடியாது; எங்களை விட்டுப் போனவர்தான் முடியும். எனக்கே தெரிந்தது, உனக்குத் தெரியாதா? நீ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அம்பத்தி மூணேதாம்மா" என்றாய். அதைப் பற்றி நாம் அப்புறம் பேசவே இல்லை.

போன வாரம் அம்மா சொன்னாள்: "அந்த இரும்புக் கை எனக்கும் அப்பவே தெரியும்டா. யாராவது ஒருத்தர் வாயால அம்பத்தி மூணுன்னு கேக்கணும்போல இருந்துச்சு. பாவம், அந்த மனுஷனுக்குப் பொய்யே வரல. காதெல்லாம் செவந்துபோச்சு. நன்றி சொல்லிடு."

சொல்லிவிட்டேன், எங்கள் இரண்டு பேருக்குமாக.

உன் எதிர் நாற்காலிக்காரன்